தையலக்கா மறைத்த ஒயர்

கார் சீட்டுகளுக்கு உறை தைப்பவளாகத்தான் அவள் அந்தக் கடைத்தெருவுக்கு வந்தாள். அதனால் ஒயர் வேலைக்கு மாறிப் பதினாறு வருஷம் ஆன பிறகும் தெருவில் எல்லோருக்கும் அவள் தையலக்காதான். மேம்பாலத்துக்கு அடியில் வரிசையாகக் கார் சாமான் கடைகள். டயர் கடை, ஹாரன் கடை, பாட்டுப்பெட்டி மாட்டும் கடை என்று போய், கடைசியாகத் தூணை ஒட்டி இருந்தது அவர்களுடையது. முன்பாதியில் அவள் கணவர் கார்க் கண்ணாடிகளுக்குக் கூலிங் ஷீட் ஒட்டுவார். பின்பாதி அவளுடையது.

தையலிலிருந்து ஒயருக்கு அவள் வந்தது ஒரு கோபத்தில். இரண்டு நாள் உட்கார்ந்து தைத்துப் போட்ட சீட் உறையின் மேல், பக்கத்துக் கடை எலெக்ட்ரீஷியன் பின்பக்கக் கேமராவுக்கான ஒயரை அப்படியே இழுத்துக்கொண்டு போய் டேப்பால் ஒட்டியிருந்தார். புதுப் புடவையில் கயிறு கட்டின மாதிரி இருந்தது. அவள் பொறுக்கமாட்டாமல் அதைப் பிய்த்து, கதவடி பிளாஸ்டிக்கைத் தூக்கி, கம்பளத்துக்கு அடியில் ஓட்டி, பின்சீட்டுத் தையலுக்குள் நுழைத்து, ஒன்றுமே நடக்காத மாதிரி மூடிவைத்தாள். வண்டிக்காரர் வந்து பார்த்துவிட்டு, "அடுத்த தடவை முழு வேலையையும் நீங்களே பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் கரண்ட் அளக்கும் மீட்டர் ஒன்று வாங்கினாள். நாலைந்து ஃப்யூஸையும் கணவருடைய ரேடியோவையும் எரித்தாள். ஒரு வருஷத்தில் கைக்கு வந்துவிட்டது.

அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. வண்டியில் சில ஒயர்களில் எந்நேரமும் கரண்ட் இருக்கும், சிலவற்றில் சாவி போட்டால்தான் வரும். எது எது என்று ஊகிக்க மாட்டாள். ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துப் பார்ப்பாள். எந்தச் சின்ன விளக்குக்கும் தனி ஃப்யூஸ் உண்டு. எர்த் ஒயரைப் பெயின்ட்டின் மேல் திருகமாட்டாள், சுரண்டி இரும்பைப் பார்த்துத்தான் திருகுவாள். கம்பெனியில் சுற்றியிருக்கும் அதே துணி டேப்பை வாங்கி, அதே மாதிரி சுற்றி, வண்டியோடு வந்த ஒயர்க் கட்டோடு சேர்த்துக் கட்டிவிடுவாள். "வண்டி பிறக்கும்போதே கூடப் பிறந்த மாதிரி இருக்கணும்" என்பாள். ஒரு தடவை ஒருவர், "கேமரா மட்டும்தான் மாட்டியிருக்கீங்க, ஒயரே போடலையே, காத்துல ஓடுமா?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். அவள் காரின் கதவோரத் தூணை மறைக்கும் மூடியைக் கழற்றிக் காட்டினாள். அவள் கணவருக்கு அன்றைக்கெல்லாம் சிரிப்பு. "என் பொண்டாட்டி முழுப் பூசணிக்காயைக் கம்பளத்துக்கு அடியில மறைச்சிடுவா சார், மேடு கூடத் தெரியாது" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெருமை அவளுக்கு உள்ளூர இனித்தது. பின்னால் நடந்ததற்கெல்லாம் அந்த இனிப்புதான் காரணம் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

வெள்ளைக் கார்க்காரர் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில். வெளியே தூறிக்கொண்டிருந்தது. குடையை வாசலுக்கு வெளியிலேயே உதறி, தண்ணீர் சொட்டாத இடமாகப் பார்த்துச் சாய்த்துவைத்துவிட்டு உள்ளே வந்தார். சட்டையில் ஒரு மடிப்புக் கலையவில்லை. குரல் மெதுவாக, பக்கத்தில் யாரோ தூங்குகிற மாதிரி இருந்தது.

"அக்கா, உங்க கைவேலையைப் பத்தி ரொம்பப் பேர் சொன்னாங்க. அதான் தேடிட்டு வந்தேன்."

பையிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தார். கார் எங்கே இருக்கிறது என்று போனில் காட்டுகிற பெட்டி. அதைப் போல நூறு மாட்டியிருக்கிறாள். இதில் சிவப்பு, கறுப்பு தவிர மூன்றாவதாக மெல்லிய ஒயர் ஒன்று இருந்தது. நுனியில் மிளகளவு ஒரு குமிழ்.

"இது எதுக்குங்க?"

"மைக் அக்கா. வண்டியை எவனாவது திருடினா, உள்ள என்ன பேசறான்னு கேக்கலாம். இதுல ஒரு சிம் இருக்கு, அந்த நம்பருக்கு போன் பண்ணினா போதும், சத்தமே இல்லாம அதுவா எடுத்துக்கும்."

"வண்டி நீங்கதான் ஓட்டறீங்களா?"

"மனைவி ஓட்டறா. அவளுக்குத் தெரிய வேண்டாம். வண்டி திருட்டுப் போகுதுன்னு கேட்டாலே பயந்துக்குவா. பயந்த சுபாவம்."

"மைக்கை டேஷ்போர்டுக்கு உள்ளயே வச்சிடட்டுமா?"

"இல்லக்கா. ஓட்டறவங்க தலைக்கு மேல, அந்த லைட்டுகிட்ட வந்தா நல்லா கேக்கும்."

அவள் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திருடன் பேச்சைக் கேட்க இவ்வளவு தெளிவு எதற்கு என்று மனதில் ஒரு முள் குத்தியது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாளோ என்னவோ, அதற்குள் அவர் சொன்னார்: "இன்னொரு கடையில கேட்டேன். லைட்டு வரைக்கும் ஒயர் தெரியாம கொண்டுபோக முடியவே முடியாதுன்னுட்டாங்க."

முடியாது என்ற சொல்லைக் கேட்டதும் அவள் கை தன்னால் ஸ்க்ரூடிரைவரைத் தேடியது.

மூன்று மணி நேரம் வேலை பார்த்தாள். ஓட்டுபவர் சீட் நன்றாக முன்னால் தள்ளியிருந்தது. குட்டையான பெண்ணாக இருக்க வேண்டும். சீட்டின் பள்ளம் சின்னதாக இருந்தது. அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டு, ரேடியோவுக்குப் பின்னால், விரல் மட்டும் போகிற ஒரு சந்தில் பெட்டியைப் பஞ்சுத் துணியால் சுற்றிச் செருகினாள். எந்நேரமும் கரண்ட் இருக்கும் ஃப்யூஸிலிருந்து தனி ஃப்யூஸ் போட்டுக் கரண்ட் எடுத்தாள். மைக் ஒயரைக் கதவோரத் தூண் மூடிக்குள் ஏற்றி, கூரைத் துணிக்கு மேலே ஓட்டி, விளக்கின் மூடிக்கும் கூரைக்கும் நடுவிலிருக்கும் இடுக்கில் கொண்டுவந்து நிறுத்தினாள். கணவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "நீ எதுவும் மாட்டலைன்னு நானே சத்தியம் பண்ணுவேன்."

சோதித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் போனோடு தெருமுனைக்குப் போனார். "உள்ள உக்கார்ந்து எதாவது பேசுங்கக்கா" என்றார். அவள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். பத்து வரை வந்ததும் நிறுத்திவிட்டு, ஜன்னலோரம் நின்ற கணவரிடம் தாழ்ந்த குரலில், "மனசுக்கு என்னவோ போல இருக்குங்க" என்றாள்.

"வண்டி அவர் வண்டி. நமக்கென்ன?" என்றார் கணவர்.

அந்த மனிதர் தெருமுனையிலிருந்து நடந்து வந்தார். முகத்தில் நல்ல சிரிப்பு.

"ரொம்பத் தெளிவா கேக்குது அக்கா. என்னவோ போல இருக்குன்னீங்களே, அதுகூட."

அவள் காரிலிருந்து இறங்கினாள். அவர் குடையை எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லி, வண்டியை அலுங்காமல் ஓட்டிக்கொண்டு போனார். அவர் போன பிறகு அவள் இரண்டு தடவை கை கழுவினாள்.

ஐந்து மாதம் போயிற்று. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவளுக்கு முதல் இரண்டு வாரம் குறுகுறுத்தது, பிறகு வேலை நெருக்கடியில் மறந்துபோனது. மறந்துபோனதை அவளே பிறகு நம்பவில்லை.

ஒரு நாள் மத்தியானம் அதே வெள்ளைக் கார் வந்து நின்றது. இறங்கியவள் சின்ன உருவம், முப்பத்தைந்து வயதிருக்கும். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. பேசுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள்.

"அக்கா, பேட்டரி ரெண்டு தடவை செத்துப்போச்சு. நாலு நாள் நிறுத்தி வச்சா ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது. மெக்கானிக் பாத்துட்டு, வண்டியில எதுவோ கரண்ட்டைக் குடிக்குது, மேம்பாலத்துகிட்ட ஒரு அக்கா இருக்காங்க, அவங்கதான் கண்டுபிடிப்பாங்கன்னார்."

தையலக்காவுக்கு வண்டி உடனே அடையாளம் தெரிந்தது. தான் ஒளித்ததைக் கண்டுபிடிக்கத் தன்னிடமே வந்திருக்கிறாள். "உக்காருங்கம்மா, பாக்கறேன்" என்றாள். வேறென்ன சொல்வது?

கடைக்குள் உட்கார இடமில்லை என்று அந்தப் பெண் காரிலேயே உட்கார்ந்துகொண்டாள். ஜன்னல்களை இறக்கிவிட்டு, சாவியை எடுத்து, கதவை மூடிக்கொண்டாள். தையலக்கா பானட்டைத் தூக்கினாள். கரண்ட் அறாதபடி பேட்டரி ஒயருக்கு நடுவில் மீட்டரை மாட்டினாள். தூக்கிய பானட் இருவருக்கும் நடுவில் சுவர் மாதிரி நின்றது. முகம் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது.

நிறுத்தி வைத்த வண்டியும் கொஞ்சம் கரண்ட் குடிக்கும். கடிகாரம், கதவுப் பூட்டு, இப்படிச் சொட்டுச் சொட்டாக. வண்டி நன்றாகத் தூங்கிய பிறகு மீட்டர் முப்பது நாற்பது மில்லி ஆம்பியரைத் தாண்டக்கூடாது. அரைமணி நேரத்தில் எண் இறங்கி இறங்கி நாற்பத்தைந்தில் நின்றது. தன் பெட்டி குடிப்பதையும் சேர்த்துத்தான் அது. இந்தக் குடிக்கு நாலு நாளில் பேட்டரி சாகாதே என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

உள்ளிருந்து குரல் வந்தது. "அக்கா, உங்களுக்குக் கூடப்பொறந்தவங்க இருக்காங்களா?"

"ஒரு அண்ணன் இருந்தார்ம்மா."

"எனக்கு ஒரு தங்கச்சி. மூணு மாசமா பேசறதில்ல. அவகிட்ட சொன்னதெல்லாம் என் வீட்டுக்காரருக்குப் போயிடுது. வேலைக்குப் போற வழியில கார்லதான் அவகிட்ட பேசுவேன். சாயங்காலம் அவர் அதை வார்த்தை மாறாம சொல்லுவார். அவதான் போட்டுக்குடுக்கறான்னு விட்டுட்டேன்."

தையலக்கா மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவளை விட்டப்பறமும் நிக்கல. தனியா கார்ல உக்கார்ந்து அழுவேன். வீட்ல அழ முடியாது, இதுதான் எனக்கு இடம். ஆபீஸ் வாசல்ல நிறுத்திட்டு ஒரு மணி நேரம்கூட உக்கார்ந்திருப்பேன். ராத்திரி சாப்பிடும்போது, இன்னிக்கு ஏன் அழுதேன்னு கேப்பார். எப்படித் தெரியும்னு கேட்டா, நீ தூக்கத்துல எல்லாத்தையும் உளறுறேங்கறார். என் வாயே எனக்கு எதிரி அக்கா."

அப்போது மீட்டரில் எண் நகர்ந்தது. நாற்பத்தைந்தில் இருந்தது அறுபதுக்குத் தாவியது, பிறகு நூற்றெண்பது, இருநூற்றுப் பத்து. அங்கேயே நடுங்கிக்கொண்டு நின்றது.

வண்டியில் ஒரு விளக்கு எரியவில்லை, ஒரு சத்தம் இல்லை. பேட்டரியிலிருந்து கரண்ட் மட்டும் ஐந்து மடங்காக ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்குப் புரிய ஒரு நொடி பிடித்தது. அந்த மனிதர் போன் செய்திருக்கிறார். பெட்டி சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டது. எங்கேயோ ஓர் அறையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு அவர் இந்தக் காருக்குள் உட்கார்ந்திருக்கிறார். பேட்டரி எப்படிச் செத்தது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மணிக்கணக்காகக் கேட்டிருக்கிறார். ஆளில்லாமல் வண்டி சும்மா நிற்கும்போதுகூடக் கேட்டிருக்கிறார்.



"எனக்கு ஒரு யோசனை இருக்கு அக்கா," என்றது உள்ளிருந்த குரல். "யார்கிட்டயும் சொல்லல. உங்களைப் பாத்தா சொல்லலாம்னு தோணுது. வர்ற மாசம் நான்..."

"ஏங்க!" என்று தையலக்கா கத்தினாள். "வேக்குவம் போடுங்க!"

முன்னால் ஷீட் வெட்டிக்கொண்டிருந்த கணவர் நிமிர்ந்தார். "எதுக்கு? யார் வண்டிக்கு?"

"போடுங்கங்கறேன்ல!"

அந்தக் குரலை அவர் இருபது வருஷத்தில் கேட்டதில்லை. ஓடிப்போய் சுவிட்சைத் தட்டினார். கார் உள்பக்கம் தூசி உறிஞ்சும் அந்தப் பழைய இயந்திரம் ஓலமிட ஆரம்பித்தது. தையலக்கா அதன் குழாயை இழுத்துவந்து பின் ஜன்னல் வழியாகக் காருக்குள் போட்டாள். திகைத்துப்போய் இறங்கிய பெண்ணின் கையைப் பிடித்து, உதட்டில் விரலை வைத்துக் காட்டி, கடையின் பின்னறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

பின்னறையில் கூலிங் ஷீட் சுருள்கள் சுவரோடு நின்றன. ஒரே ஒரு ஸ்டூல். அவளை உட்காரவைத்துவிட்டு, நின்றபடியே சொன்னாள்.

"உங்க தங்கச்சி சொல்லலம்மா. உங்க வண்டியில ஒரு மைக் இருக்கு. உங்க வீட்டுக்காரர் போன்ல கேக்கறார். இப்பகூடக் கேட்டுட்டுதான் இருக்கார்."

 பக்கத்துக் கடையில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப நான் தூக்கத்துல பேசறதில்லையா?"

"இல்லம்மா."

"வாய்ல துணி கட்டிட்டுப் படுக்கறேன் அக்கா. மூணு மாசமா." சொல்லும்போது குரல் உடையவில்லை. வேறு யாரோ செய்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள். "காலைல எழுந்து துணி அப்படியே இருக்கான்னு பாப்பேன். இருக்கும். அப்படியும் அவருக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்குப் புத்தி பிசகிப்போச்சுன்னு நினைச்சேன். டாக்டர்கிட்ட போய் மாத்திரை வாங்கிச் சாப்பிடறேன்."

தையலக்கா மறைக்கவில்லை. மீதியையும் சொன்னாள். "அந்த மைக்கை மாட்டினது நான்தான்."

அந்தப் பெண் கேட்டாள்: "மாட்டும்போது தெரியுமா, எதுக்குன்னு?"

தெரியாது என்று சொல்ல இடமிருந்தது. திருட்டுக்காக என்றுதான் சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். பாதி உண்மைதானே.

"தெரிஞ்சும் தெரியாத மாதிரி மாட்டினேன். என்னால முடியும்னு காட்டறதுக்காக."

அந்தப் பெண் அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, "தண்ணி குடுங்க" என்றாள். பாட்டிலை வாங்கி முழுவதையும் குடித்தாள். பிறகு எழுந்தாள்.

"இப்பவே போய்ப் பிடுங்கி எறியறேன்மா," என்றாள் தையலக்கா.

"வேண்டாம். பிடுங்கினா அவருக்குத் தெரிஞ்சிடும். அது இருக்கற வரைக்கும்தான் எனக்கு நேரம்." உதட்டை ஈரப்படுத்திக்கொள்ளும் பழக்கம் அந்த நிமிஷத்தில் அவளிடம் இல்லை. "ஒரு போன் குடுங்க. என்னுது வேண்டாம்."

கணவருடைய போனை வாங்கிக்கொடுத்தாள். அந்தப் பெண் மனப்பாடமாக ஒரு எண்ணை அழுத்தினாள். ரொம்ப நேரம் மணி அடித்தது.

"நான்தான். வைக்காதே. ஏய், வைக்காதேடி... நான் சொல்றதை முதல்ல கேளு."

தையலக்கா கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து நின்றாள். கணவர் ஓடுகிற வேக்குவத்துக்குப் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவள் அவர் காதோடு விஷயத்தைச் சொன்னாள். அவர் காரைப் பார்த்தார். அவருடைய கை தானாக எழுந்து வாயைப் பொத்தியது.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் வந்தாள். கண்கள் சிவந்திருந்தன, முகம் துடைத்திருந்தது. காரில் ஏறி உட்கார்ந்து, ஆரம்பிக்கலாம் என்பதுபோல் தலையசைத்தாள். கணவர் வேக்குவத்தை நிறுத்தினார். திடீரென்று வந்த அமைதியில் தையலக்கா மீட்டரைப் பார்த்தாள். இருநூற்றெட்டு. இன்னும் அவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். இத்தனை நேரம் வெறும் இரைச்சலை.

"தூசி நிறைய இருந்துச்சும்மா, அதான் சும்மா உறிஞ்சிவிட்டேன்," என்றாள் உரக்க. தன் குரல் நாடகக்காரியின் குரல் மாதிரி அவளுக்கே கேட்டது. "வேற ஒண்ணும் கோளாறு இல்ல. பேட்டரிக்கு வயசாயிடுச்சு. புதுசு போட்டா சரியாயிடும்."

"அவ்வளவுதானா அக்கா? நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்."

"எப்ப வாங்கினது?"

"வண்டியோட வந்ததுதான். இருங்க, எதுக்கும் அவரை ஒரு வார்த்தை கேட்டுக்கறேன். அவரைக் கேக்காம நான் எதுவும் பண்றதில்ல."

அவள் குரலில் ஒரு நூலிழை பிசிறு இல்லை. எத்தனை வருஷப் பழக்கமோ. கணவரின் காதுக்கென்றே பேசிய அந்தப் பேச்சைத் தையலக்கா மீட்டரைப் பிடித்தபடி கேட்டாள். அந்தப் பெண் தன் போனில் கணவரை அழைத்தாள். மீட்டரில் எண் சட்டென்று நாற்பத்தைந்துக்கு இறங்கியது. பெட்டிக்குப் போட்ட போனை வைத்துவிட்டு மனைவியின் அழைப்பை எடுத்திருக்கிறார். "ஆமாங்க... பேட்டரியாம்... சரிங்க, போட்டுடறேன்."

பேட்டரியைக் கழற்றினால், கரண்ட் நின்றுபோனதென்று பெட்டியிலிருந்து அவர் போனுக்குச் செய்தி போகும். இப்போது அதற்கும் காரணம் இருந்தது. தையலக்கா புது பேட்டரி வைத்துக் கட்டினாள். போகும்போது அந்தப் பெண் ஜன்னல் வழியாக அவளை ஒரு பார்வை பார்த்தாள். அதில் என்ன இருந்தது என்று அவள் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டாள், பிடிபடவில்லை.

ஒன்பதாம் நாள் அந்த மனிதர் வந்தார். அதே வெள்ளைக் காரில், தானே ஓட்டிக்கொண்டு. சட்டை மடிப்புக் கலையாமல்தான் இருந்தது. சவரம் மட்டும் செய்திருக்கவில்லை.

"உங்க வேலை பிரமாதம்க்கா," என்றார். "ரெண்டு நாள் வண்டி அவ ஆபீஸ் வாசல்லயே நின்னுச்சு. மழை பெய்யற சத்தம் கேட்டுது. வாட்ச்மேன் இருமினது கேட்டுது. அவ மட்டும் வரல."

தையலக்கா கையிலிருந்த ஒயரைச் சுற்றி மேஜையில் வைத்தாள்.

"அன்னிக்கு உங்க கடையில ரொம்ப நேரம் வேக்குவம் ஓடுச்சு. அவ பேட்டரி பாக்கத்தானே வந்தா?"

கணவர் முன்னறையிலிருந்து கையில் ஷீட் தேய்க்கும் ரப்பர் கட்டையோடு வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றார். ஒல்லியான மனிதர், கோழைதான். ஆனாலும் நின்றார். "என்ன சார் வேணும் உங்களுக்கு?"

"அந்தப் பெட்டி. கழட்டிக் குடுங்க. நானே தேடிப் பாத்தேன், கிடைக்கல."

டேஷ்போர்டின் ஓரங்களில் ஸ்க்ரூடிரைவர் குத்திய தழும்புகள் இருந்தன. கூரைத் துணி ஓரிடத்தில் கிழிந்து தொங்கியது. அவ்வளவு கிழித்தும் அவருக்கு அகப்படவில்லை. அவள் அதே சீட்டில் உட்கார்ந்தாள். சீட் இப்போது பின்னால் தள்ளியிருந்தது. அவர் சுற்றிவந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். கணவர் ஜன்னலில் கை வைத்துக்கொண்டு வெளியே நின்றார்.

"அவ மேல நான் ஒரு நாளும் கை நீட்டினதில்ல," என்றார் அவர், அந்த மெதுவான குரலில். "வீட்ல அவ பேசவே மாட்டா. சரிங்க, இல்லைங்க, அவ்வளவுதான். கார்ல பேசுவா, பாடக்கூட செய்வா. அவ அழறதைக் கேக்கும்போதுதான் என் பக்கத்துல இருக்கற மாதிரி இருக்கும். உங்களுக்குப் புரியுதா?"

அவள் ரேடியோவைக் கழற்றிப் பின்னால் கைவிட்டாள். தானே சுற்றிய டேப்புதான், ஆனால் எது கம்பெனி சுற்றியது, எது தான் சுற்றியது என்று அவளுக்கே தெரியவில்லை. மூன்று கட்டுகளைப் பிரித்த பிறகுதான் பெட்டி கைக்கு வந்தது. வெதுவெதுவென்று இருந்தது. மைக் ஒயரை அடியோடு நறுக்கினாள். பெட்டியை அவர் கையில் வைத்தாள்.

அறுந்த நுனியை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பரவால்ல," என்றார். "வேற வாங்கிக்கலாம்."

அவர் போன பிறகு கணவர் கடைவாசல் தகரக் கதவைப் பாதி இறக்கிவிட்டார். மத்தியானம் மூன்று மணிதான் ஆகியிருந்தது.

அதன் பிறகு தையலக்காவின் வேலை மாறியது. கறுப்பு டேப்பை விட்டுவிட்டு மஞ்சள் டேப் வாங்கினாள். தான் போட்ட ஒயர் எங்கே போகிறது என்று மூடியைத் திறந்தவுடன் எவருக்கும் தெரிய வேண்டும் என்றாள். எதை மாட்டினாலும், வண்டி யார் பேரில் இருந்தாலும், ஓட்டுகிறவர் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனால்தான் செய்வேன் என்றாள். "முதலாளி நான், ஓட்டறது டிரைவர். அவன்கிட்ட எதுக்குச் சொல்லணும்?" என்று கேட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. வாடிக்கையில் மூன்றில் ஒரு பங்கு பாட்டுப்பெட்டிக் கடைக்குப் போய்விட்டது. அங்கே யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அந்த மனிதரும் எந்தக் கடைக்காவது போயிருப்பார் என்ற நினைப்பு அவளை விடவில்லை. குட்டையான பெண்கள் ஓட்டிவரும் கார்களில் கேட்காமலேயே விளக்கு மூடியைக் கழற்றிப் பார்த்தாள். 

ஒரு வருஷத்துக்குப் பிறகு ஒரு பெண் தன் காரில் போன் சார்ஜர் பொருத்த வந்தாள். முகச்சாயலைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தங்கை.

"நீங்கதான் அந்த அக்காவா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் சொன்னாள்: "நல்லா இருக்கா. ஒரு பள்ளிக்கூடத்துல ஆபீஸ் வேலை. எந்த ஊர்னு சொல்லமாட்டேன்."

"சொல்லாதீங்கம்மா."

"பஸ்லதான் போறா. யார் கார்லயும் ஏறமாட்டா. என் வீட்டுக்கு வந்து பத்து நாள் இருந்தா, அப்ப ஒரு விஷயம் பாத்தேன். இப்ப நிஜமாவே தூக்கத்துல பேசறா அக்கா. நான் எழுப்பறதில்ல."

தையலக்கா கதவடி மூடியைக் கழற்றினாள். தங்கை நகராமல், திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ஒயரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னைப் பத்தி எதாவது சொல்வாங்களா?"

"ரெண்டு விதமா சொல்லுவா. ஒரு நாள், அவங்க இல்லேன்னா நான் வெளிய வந்திருக்க மாட்டேங்கறா. இன்னொரு நாள், அவங்க இல்லேன்னா இப்படி ஆகியே இருக்காதுங்கறா."

"ரெண்டும் சரிதான்."

"என்னை மூணு மாசம் நம்பலையே, அதுதான் எனக்கு ஆறமாட்டேங்குது," என்றாள் தங்கை. "அவ மேல தப்பில்லைன்னு தெரியும். இருந்தாலும் ஆறல."

அதற்கும் தானே காரணம் என்று தையலக்காவுக்குத் தெரியும். அவள் ஒயரைக் கட்டி, மஞ்சள் டேப் சுற்றி, எங்கிருந்து எங்கே போகிறது என்று விரல் வைத்துக் காட்டி, மூடியை மாட்டினாள். தங்கை போனைச் செருகிப் பார்த்தாள். சார்ஜ் ஏறியது. தலையசைத்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வேனில் ஏறியதும் கணவர் கேட்டார்: "அந்தப் பொண்ணு என்ன சொல்லிட்டுப் போச்சு?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கையை மட்டும் அசைத்தாள். வண்டிக்குள் அவள் பேசுவதை விட்டு ரொம்ப நாளாகியிருந்தது. அவருடைய சொந்த வேன்தான். கூரைத் துணியைப் பிரித்து அவளே பார்த்ததுதான். இருந்தாலும் பேச்சு வராது. அவரும் பழகிவிட்டார். மேலே ஒன்றும் கேட்காமல் ஓட்டினார்.

வீட்டுக்கு வந்து, சமையலறையில் நின்று, குழாயைத் திறந்துவிட்டுவிட்டுத்தான் சொன்னாள். பாத்திரம் எதுவும் இல்லாத தொட்டியில் தண்ணீர் சத்தத்தோடு விழுந்துகொண்டிருந்தது. அவர் அதை மூடப் போகவில்லை. இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்து காதைக் கொடுத்தார்.